மாவில் சுண்ணாம்பு கலக்குறாங்களாம்

1

கனடாவில் வின்னிபெக் நகரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "லைப்ரரியில இருக்கேன்" என்பேன். "புக்கு அடுக்கற வேலையா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் ஆமாம் என்றே சொல்லிவந்தேன்.

உண்மையில் நான் செய்வது வேறு. புதிதாக வரும் மாணவர்களை நூலகத்துக்கு வரவழைத்து, ஒரு தகவல் கையில் கிடைத்தால் அதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன். இதை யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? முதன்முதலில் எங்கே வந்தது? வேறு யாராவது இதைப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்களா? இந்த நாலு கேள்விகளை வைத்துத்தான் இத்தனை வருஷமாக என் சோறு வேகிறது.

போன வருஷம் ஒரு மாணவி கட்டுரையின் கடைசியில் ஐந்து புத்தகங்களின் பெயரைப் போட்டிருந்தாள். ஐந்துமே உலகத்தில் இல்லாத புத்தகங்கள். ஏதோ செயலி எழுதிக்கொடுத்திருக்கிறது, அப்படியே ஒட்டிவிட்டாள். என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். பெயரெல்லாம் நிஜம் போலவே இருந்ததே என்றாள். நான் அவளுக்கு ஒரு டிஷ்யூ கொடுத்தேன், கூடவே அரை மணி நேரம் புத்திமதியும் கொடுத்தேன். அந்தப் புத்திமதியை இப்போது நினைத்தால் எனக்கே காது கூசுகிறது. ஊருக்குத்தான் உபதேசம் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

ஏன் கூசுகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். எங்கள் ஊர் செஞ்சியில் இதைப் படிக்கிறவர்களுக்குப் பாதிக் கதை முன்பே தெரிந்திருக்கும். மீதியையும் என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2

ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தேன். பஜாரில் எங்கள் குடும்பத்துப் பாத்திரக்கடையைத் தம்பி ரமேஷ் பார்த்துக்கொள்கிறான். அவன் வீட்டில்தான் தங்கல். வந்த நாலாம் நாள் வேதா போன் செய்தாள். வேதாவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இப்போது ஊரை ஒட்டிய ஒரு கல்லூரியில் அவள் நூலகர். நீ கனடாவில் செய்வதை எங்கள் பிள்ளைகளுக்கும் இரண்டு நாள் செய்துவிட்டுப் போ, லைப்ரரியைத் திறந்து வைக்கிறேன், கம்ப்யூட்டரும் பழைய பேப்பர் ஃபைலும் நான் எடுத்து வைக்கிறேன் என்றாள்.

இதற்கு அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதல்வருக்கு ஒரு கடிதம், துறைத் தலைவர் வழியாக இன்னொரு கடிதம், பாஸ்போர்ட் நகல். பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் எங்கள் நைனா பெயர் இருக்கிறது. அதனால் கேட்டில் இருந்தவர் என்னை நைனா பெயராலேயே நோட்டில் எழுதி, பக்கத்தில் "வெளிநாட்டு நிபுணர்" என்று போட்டுக்கொண்டார். வெறும் நூலகர் என்று எழுதுங்கள் சார் என்றேன். நூலகர்தான் உள்ளேயே ஒருத்தர் இருக்காங்களே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

முப்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். தளவானூர், மேல்சித்தாமூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். முதல் நாள் நான் பெருமையாக நடத்திய பாடம் "ஆம்" பற்றி. "வந்தான்" என்றால் நான் பார்த்தேன் என்று அர்த்தம். "வந்தானாம்" என்றால் யாரோ சொல்லி நான் கேட்டேன் என்று அர்த்தம். ஒரே ஒரு எழுத்தை நீட்டி, ஒரு "ம்" போட்டால் போதும், சொல்கிறவன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்கிறான், கேட்கிறவனும் உஷாராகிவிடுகிறான். பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்க நான் மூச்சுவாங்கச் சொல்லிக்கொடுப்பதை நம் மொழி ஒரு வால் மாதிரி சொல்லோடு ஒட்டி வைத்திருக்கிறது என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

கனடா கதைகளையும் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் "ஆம்" என்பதை இங்கிலீஷில் "இட் சீம்ஸ்" என்று போட்டுப் பேசுவேன். நாளைக்கு லிப்ட் வேலை செய்யாது, இட் சீம்ஸ். ஒருநாள் மேலதிகாரி பேச்சை நிறுத்தி, உனக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை ஐயா, கீழே வாட்ச்மேன் சொன்னார், அவ்வளவுதான். இதை அவருக்கு விளக்குவதற்குள் லிப்டே சரியாகிவிட்டது.

அங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்குத் தமிழ் வரும், "ஆம்" மட்டும் வராது. ஒருநாள் ஊரிலிருந்து வந்த போனை எடுத்துப் பேசிவிட்டு வந்து, "மாமா மாடிலருந்து விழுந்துட்டாரு" என்றாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. விசாரித்தால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படி சறுக்கினதைப் பற்றி ரமேஷ் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். விழுந்துட்டாராம் என்று சொல்லடி என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டாள். அந்த ஒரு எழுத்தோடு அவள் எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது போல அன்றைக்கு இருந்தது.

பாடத்தின் கடைசியில், ஊருக்குள் சுற்றுகிற ஒரு வாட்ஸ்அப் செய்தியை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது என்று எல்லோரும் சேர்ந்து தேடுவோம் என்றேன். இரண்டாம் வருஷம் பி.காம். படிக்கிற கௌசல்யா என்ற பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. அவள் எழுந்து வந்து போனை நீட்டினாள். இதைத் தேடலாம் மேடம் என்றாள்.

"செஞ்சி மக்களே உஷார்! பஸ் ஸ்டாண்ட் பக்கம் விற்கும் இந்த மாவில், புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு கலக்குகிறார்கள். கனடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கண்டுபிடிப்பு. குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். அனைவருக்கும் பகிரவும்."

கீழே ஒரு போட்டோ. தட்டில் தோசை. ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மாவு பாக்கெட். தட்டுக்கு அடியில் சூரியகாந்திப் பூ போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் விரிப்பு.

அந்த விரிப்பை ரமேஷ் வீட்டுக்கு வாங்கிக்கொடுத்தவள் நான். அன்று காலையில் அதன் மேல்தான் இட்லி தின்றுவிட்டு வந்திருந்தேன்.

3

பிள்ளைகளிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. உங்களுக்கு யார் அனுப்பினார்கள், அவர்களுக்கு யார் அனுப்பினார்கள் என்று ஒவ்வொருவரும் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போங்கள், நாளைக்குச் சார்ட்டில் எழுதுவோம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

குடும்பக் குழுவைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ரமேஷ் அந்தத் தோசைப் படத்தைப் போட்டு, "இன்னிக்கு எங்க டிபன்" என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே நான்: "கடை மாவுல புளிக்காம இருக்க சுண்ணாம்பு கலக்குறாங்களாமே. பாத்து வாங்குங்க."

அதை எழுதினதே எனக்கு மறந்துபோயிருந்தது. பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது ஒரு விரலால் தட்டியிருப்பேன். எந்தக் கடை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாக்கெட்டின் மேல் ஸ்டிக்கர் இருந்ததே.

ரமேஷ் கடையிலிருந்து சாப்பிட வந்தான். கேட்டேன். பஜார் வியாபாரிகள் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, "அக்கா சொல்லிச்சி, சுண்ணாம்பு கலக்குறாங்க" என்று எழுதினானாம். கனடாவும் ஆராய்ச்சியும் அதற்கு மேலே யாரோ ஏற்றின சுமை.

"நான் கலக்குறாங்களாமேன்னுதான்டா எழுதினேன். நீ ஏன் கலக்குறாங்கன்னு போட்ட?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்க்கா. நீ இன்னா சும்மா சொல்லப்போறியா? அத்தினி புக்குக்கு நடுவுல உக்காந்துகினு இருக்கறவ."

என் பேரில் இருந்த நம்பிக்கைதான் அந்த "ஆம்"மைத் தின்றுவிட்டிருக்கிறது. பேசாமல் விட்டுவிடு, நாலு நாளில் ஊர் மறந்துவிடும், நீயும் பிளேன் ஏறிவிடுவாய் என்றான் ரமேஷ். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. வேதாவுக்குப் போன் போட்டு, நாளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

4

மறுநாள் நூலகத்தில் வேதா நீள மேஜையின் மேல் பெரிய சார்ட்டை விரித்து வைத்திருந்தாள். நான் நடத்தின எந்த வகுப்பிலும் மாணவர்கள் இவ்வளவு வேகமாக வேலை பார்த்ததில்லை. சித்தப்பா, டியூஷன் அக்கா, மகளிர் குழு, பஸ் கண்டக்டர் என்று கட்டம் கட்டமாக எழுதி அம்பு போட்டார்கள். அம்புகள் எல்லாம் மேலே போய் ஒரே இடத்தில் சேர்ந்தன. வியாபாரிகள் குழு. அதற்கும் மேலே, பாத்திரக்கடை ரமேஷ். இன்னொரு பக்கம் வேதா பேப்பர் ஃபைல்களையெல்லாம் புரட்டவைத்திருந்தாள். எந்தச் செய்தித்தாளிலும், எந்த ஆராய்ச்சியிலும் அப்படி ஒரு கண்டுபிடிப்பு இல்லை.

ரமேஷுக்கு மேலே ஒரு கட்டம் காலியாக இருந்தது. வேதா என்னைப் பார்த்தாள். ரமேஷ் யாருடைய தம்பி என்று அவளுக்குத் தெரியாதா? மார்க்கர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

நான் எடுத்து எழுதினேன். யார் சொன்னது: உமா, நூலகர். எப்படித் தெரியும்: யாரோ சொன்னார்கள்.

நடந்ததையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னேன். கௌசல்யா எழுந்து நின்றாள்.

"மேடம், அது எங்கம்மா கடை."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் அடுத்ததையும் கேட்டாள்.

"யாரோன்னா யாரு மேடம்?"

நான் யோசித்துப் பார்த்தேன். வின்னிபெக்கில் தமிழ்க் குடும்பங்கள் கூடின ஒரு விருந்து. இட்லி அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பெண்மணி சொன்னார். எந்த ஊர் மாவு, எந்தக் கடை, அவருக்கு யார் சொன்னது, ஒன்றும் நான் கேட்கவில்லை. அவர் பெயர்கூட ஞாபகம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களைக் கேட்டுக் கேட்டு அழவைத்த கேள்வி, இப்போது என்னிடமே திரும்பி வந்திருந்தது.

வகுப்பு கலைந்ததும் மீதியைக் கௌசல்யா சொன்னாள். கடையில் இரண்டு கிரைண்டர், இப்போது ஒன்றுதான் ஓடுகிறது. மாவைச் சோதித்துச் சான்று கொடுங்கள் என்று அம்மாவும் மகளுமாக ஒரு ஆபீசுக்கு அலைந்திருக்கிறார்கள். புகார் வந்தால்தான் சாம்பிள் எடுப்போம், உங்கள் மேல் நீங்களே புகார் கொடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்களாம். இந்த செமஸ்டரோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டாள் அம்மா.

"யாரு மொதல்ல சொன்னாங்கன்னு தெரிஞ்சா அவங்கள கூட்டினு போயி அம்மா முன்னாடி நிறுத்தலாம்னு நெனச்சேன் மேடம்."

"நானே வரேன்" என்றேன்.

5

கௌசல்யாவின் அம்மா மல்லிகாவின் கடைக்குப் போர்டு கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை, முன்னால் ஒரு மேஜை, அவ்வளவுதான். ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் மேல் கோணிப்பை போட்டு மூடியிருந்தது. கௌசல்யா விஷயத்தைச் சொன்னாள். மல்லிகா மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள்.

"எங்க மாவு சாப்ட்டிருக்கியாக்கா நீ?"

"இல்ல மல்லிகா."

"கடையையாவது பாத்துக்கீறியா?"

"இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அப்பறம் இன்னாத்துக்குக்கா எழுதின?"

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி தம்பி குடும்பத்துக்கு என்ன செய்ய முடியும்? ஜுரம் என்றால் கஞ்சி வைத்துக்கொடுக்க முடியுமா, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து முறுக்கு சுட முடியுமா? எச்சரிக்கைதான் செய்ய முடியும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், ஹெல்மெட் போடுங்கள், அந்த மருந்தைத் தின்னாதீர்கள், இந்த மாவை வாங்காதீர்கள். நானும் இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. என்னைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு விரலால் பாசம் காட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாசம்தான், பொய்யில்லை. ஆனால் அந்தப் பாசம் யார் தலையில் விழுகிறது என்று நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

எல்லாக் குழுக்களிலும் மறுப்பு போட்டுவிடுகிறேன் என்றேன். மல்லிகா கிரைண்டரை நிறுத்தினாள்.

"போன்ல போட்டா யாருக்கா படிக்கிறா? காலையில இங்க வந்து நில்லு. வர்றவங்க கேப்பாங்க. உன் வாயால சொல்லு."

மறுப்பையும் போட்டேன். என் பெயர், என் வேலை, எங்கே தப்பு செய்தேன் என்று எல்லாம் எழுதினேன். நாலு கட்டைவிரல் வந்தது. ஒருவரும் அதை வேறு யாருக்கும் அனுப்பவில்லை. மல்லிகா சொன்னது சரி.

அதனால் மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். லீவில் மீதியிருந்த நாளெல்லாம் நின்றேன். ரமேஷுக்கு மானம் போய்விட்டது. பாத்திரக்கடைக்காரன் அக்கா பஸ் ஸ்டாண்டில் மாவுக்கடையில் நிற்கிறாள் என்று பஜாரே பேசும் என்று குதித்தான். பேசட்டும், அதற்குத்தானே நிற்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் அவனே தூக்குவாளியோடு வந்து மூன்று பாக்கெட் வாங்கினான். மல்லிகா முகத்தைப் பார்க்க முடியாமல், ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே, "நான்தாம்மா குரூப்ல போட்டவன், மன்னிச்சிக்க" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வருகிறவர்களிடம் ஒரே வசனம்தான். அந்தக் கனடாக்காரி நான்தான், ஆராய்ச்சியாளர் இல்லை, கேள்விப்பட்டதை விசாரிக்காமல் எழுதிவிட்டேன், இப்போது தினமும் உளுந்து ஊறப்போடுவதிலிருந்து பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன், அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு தவிர ஒன்றும் போடவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மாள், படித்தவங்களே இப்படிப் பண்ணலாமா என்று நடு ரோட்டில் வைத்துத் திட்டினாள். வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் புதுசாக ஒன்று கிளம்பியது. அந்தக் கனடாக்காரிக்குக் காசு கொடுத்து நிற்கவைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்து சொன்ன கௌசல்யாவே சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் காலேஜுக்கு அவள் சரியாகப் போகவில்லை. அம்மாவைத் தனியாக விட்டால் யாராவது வந்து ஏதாவது கேட்டு வைப்பார்கள் என்று எட்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். வேதா இரண்டு முறை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். நானும் சொன்னேன். நீங்க போனப்பறம் யாரு மேடம் பதில் சொல்றது என்றாள். அவள் கேட்டதும் சரிதான். நான் பிளேன் ஏறிவிடுவேன், அவர்கள் இங்கேதான் இருந்தாக வேண்டும்.

கடைசி நாள் காலை. சாயங்காலம் சென்னைக்குக் கார் சொல்லியிருந்தது. ஏழே முக்காலுக்கு ஒரு பெண் கட்டைப்பையோடு வேகமாக வந்தாள். முன்பெல்லாம் தினமும் வாங்கிக்கொண்டிருந்து, அந்தச் செய்திக்குப் பிறகு வருவதையே நிறுத்திவிட்டவள் அவள் என்று கௌசல்யா என் காதில் சொன்னாள். நான் என் வசனத்துக்குத் தயாரானேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"ரெண்டு பாக்கெட் குடு. நேத்து எங்க வூட்டுக்காரரு வாங்கினாந்தாரே, மாவு ஒரே தண்ணி. ஊத்தினா ஓடுது. கெட்டியா ஆட்ட மாட்டியா நீ?"

மல்லிகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். நான் வந்ததிலிருந்து அவளிடம் கேட்காத ஒரு குரல் வந்தது.

"எங்க மாவு எப்பிடி தண்ணியாவும்? ஃபிரிட்ஜில வெச்சி எடுத்து நீ தண்ணி ஊத்தினா நானா பொறுப்பு? மாவ கொற சொல்ல வந்துட்டா."

"ஆமா, ஊத்தறாங்க. குடு குடு, ஸ்கூல் வேன் வந்துடும்."

இரண்டு பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மல்லிகா அவள் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் இன்னாடி நிக்கற? பஸ்ஸு போயிடும். கெளம்பு."

கௌசல்யா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினாள். மல்லிகா இரண்டாவது கிரைண்டரின் மேல் கிடந்த கோணிப்பையை எடுத்து உதறினாள்.

"நீயும் கெளம்புக்கா" என்றாள். "எனக்கு வேல கெடக்குது."